பிரசிடெண்ட் இல்லாத நாளில் அதிகாரம் யார் கையில்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

 

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்தக் கிராமத்துல போய் நின்னு "பிரசிடெண்ட் இருக்காரா?"ன்னு கேட்டாலும், வாஷிங்டன்ல இருக்கிறவரைக் கேக்குறோம்னு யாரும் நினைக்க மாட்டாங்க. "இப்பத்தான் வண்டியை எடுத்துக்கிட்டு யூனியன் ஆபீசுக்குப் போனார்"னு பதில் வரும். நமக்கு பிரசிடெண்ட்னா ஊராட்சி மன்றத் தலைவர். டெல்லியில இருக்கிறவரை ஜனாதிபதி, குடியரசுத் தலைவர்னு சொல்றோம். அமெரிக்காவுல இருக்கிறவரை அதிபர்னு சொல்றோம். இங்கிலீஷ்ல மூணு பேருக்கும் ஒரே சொல்தான். தமிழ்ல மூணாப் பிரிச்சு வெச்சது நல்லதாப் போச்சு, ஏன்னா மூணு வேலையும் ஒண்ணு கிடையாது. இன்னைக்கு மூணு பேரைப் பத்தியும் பேசப்போறோம். நடுவுல நம்ம பிரதமரும் முதலமைச்சரும் வருவாங்க.

இதுக்குக் காரணம் ஜெயங்கொண்டத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். குரூப் ஒன் பரீட்சைக்குப் படிக்கிறாராம். அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, அமெரிக்க அதிபர் இறந்துட்டா துணை அதிபர் வருவார், அவரும் இல்லைன்னா சபாநாயகர், அதுக்கப்புறம் இன்னின்னார்னு ஒரு வரிசையே இருக்கு. நம்ம பிரதமருக்கு அந்த வரிசை எந்த ஆர்ட்டிக்கிள்ல இருக்கு? தேடிப் பாத்துட்டேன், கிடைக்கல."

கிடைக்காது தம்பி. அப்படி ஒரு ஆர்ட்டிக்கிள் இல்லை. அது ஏன் இல்லை, இல்லாததால என்னென்ன நடந்ததுன்னு பாப்போம். தொடங்குறதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போனாப் போதும்.

1956 நவம்பர் 23. அப்போ அரியலூர், பெரம்பலூர் எல்லாமே திருச்சி மாவட்டம். நல்ல மழைக்காலம். மருதையாறு நம்ம எல்லாருக்கும் தெரியும், வருஷத்துல பாதி நாள் மணலா கிடக்கும். அன்னைக்கு விடியக்காலை கரைபுரண்டு ஓடியிருக்கு. சென்னையில இருந்து தூத்துக்குடி போற எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி அந்தப் பாலத்து மேல போகும்போது, வெள்ளத்துல அரிச்சுப்போன பாலம் தாங்கல. இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆத்துக்குள்ள விழுந்துடுச்சு. 140 பேருக்கு மேல செத்துப்போனாங்க. வயசானவங்க இருக்கிற வீட்டுல கேட்டுப் பாருங்க, "அரியலூர் ரயில் விபத்து"ன்னு இன்னும் பேச்சு இருக்கும்.

அப்போ ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. துணை அமைச்சர் நம்ம ஊர்க்காரர், ஓ.வி. அழகேசன். சில மாசத்துக்கு முன்னாடிதான் ஆந்திரப் பக்கம் மகபூப்நகர்ல இதே மாதிரி ஒரு பாலம் விழுந்து நூத்துக்கும் மேல ஆள் செத்திருந்தாங்க. அப்பவே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏத்துக்கல. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏத்துக்கிட்டார். விபத்துக்கு சாஸ்திரி நேரடியாப் பொறுப்புன்னு இல்லை, அரசியல் சட்ட மரபுக்கு இது ஒரு முன்மாதிரியா இருக்கட்டும்கிற அர்த்தத்துல நாடாளுமன்றத்துல பேசினார். டிசம்பர்ல ஜெகஜீவன் ராம் அந்தத் துறைக்கு வந்துட்டார். இங்க தமிழ்நாட்டுல 1957 தேர்தல்ல திமுக அழகேசன் பேரையும் அரியலூரையும் சேர்த்து எதுகை மோனையோட ஒரு முழக்கம் போட்டதும், அது பட்டிதொட்டியெல்லாம் பரவினதும் தனிக்கதை.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஒரு பெரிய பதவியில இருக்கிறவர் எப்போ போகணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. சாஸ்திரி போனது மனசாட்சிப்படி, நேரு ஏத்துக்கிட்டது மரபுப்படி. அரியலூருக்குப் பிறகு இந்தியாவுல எத்தனையோ ரயில் விபத்து நடந்திருக்கு. ராஜினாமா பண்ணின அமைச்சர்களை விரல் விட்டு எண்ணிடலாம். மரபுங்கிறது அதைக் கடைப்பிடிக்கிற ஆள் இருக்கிற வரைக்கும்தான் ஓடும்.

அதே சாஸ்திரியோட வாழ்க்கையில அடுத்த கேள்வி 1964-ல வருது. அந்த ஜனவரியில புவனேஸ்வர் காங்கிரஸ் மாநாட்டுல நேருவுக்குப் பக்கவாதம். கட்சித் தலைவர் நம்ம காமராஜர். 1963-ல காமராஜர் திட்டத்துல பதவியை விட்டுப்போன சாஸ்திரியை, இலாகா இல்லாத அமைச்சரா நேரு திரும்பக் கூப்பிட்டுக்கிட்டார். மே 27-ஆம் தேதி நேரு இறந்துட்டார். 17 வருஷமா ஒரே பிரதமர். அடுத்தது யாருன்னு புத்தகத்தைத் திறந்து பாத்தா, தம்பி பாத்த மாதிரியே ஒண்ணும் கிடையாது.

இருக்கிறது ரெண்டே விஷயம். 74-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவருக்கு உதவ பிரதமர் தலைமையில ஓர் அமைச்சரவை இருக்கணும்னு சொல்லுது. 75-ஆவது பிரிவு, பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார்னு சொல்லுது. பிரதமர் இறந்தா அமைச்சரவைக்கே தலை இல்லாமப் போயிடுது. அந்த நாற்காலி ஒரு நாள் கூடச் சும்மா இருக்கக் கூடாது. அன்னைக்கு ஜனாதிபதி திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணன். அமைச்சரவையில மூத்தவரான உள்துறை அமைச்சர் குல்சாரிலால் நந்தாவைக் கூப்பிட்டு அன்னைக்கே பதவிப் பிரமாணம் செய்து வெச்சார். 'தற்காலிகப் பிரதமர்'னு நாம சொல்றோம், பரீட்சையிலயும் அப்படித்தான் கேப்பாங்க. ஆனா அரசியல் சட்டத்துல அப்படி ஒரு பதவியே இல்லை. பிரமாணம் எடுத்தவர் முழுப் பிரதமர்தான். அந்த 13 நாளும் நந்தாகிட்ட முழு அதிகாரம் இருந்தது. அவர் அதை அளவாப் பயன்படுத்தினார்ங்கிறது அவரோட குணம்.

அந்த நாட்கள்ல காமராஜர் எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் கலந்து பேசினார். மொரார்ஜி தேசாய்க்கு ஆசை இருந்தது, ஆதரவும் இருந்தது. கடைசியில கருத்து சாஸ்திரி பக்கம் கூடுதுன்னு காமராஜர் முடிவு சொன்னார். ஜூன் 2 கட்சிக் கூட்டம், ஜூன் 9 பதவியேற்பு. அரியலூர் பாலத்துக்காக ராஜினாமா பண்ணினவர் எட்டு வருஷத்துக்குள்ள நாட்டுக்கே பிரதமர். பிரதமர் நாற்காலிக்கு யாருன்னு முடிவு பண்ணினவர் நாடாளுமன்றத்துல உறுப்பினராக் கூட இல்லாத ஒரு கட்சித் தலைவர். இது எங்கயும் எழுதின விதி இல்லை, அன்னைக்கு வேலை செஞ்சது.

19 மாசம் கழிச்சு 1966 ஜனவரி 11, தாஷ்கண்ட்ல சாஸ்திரி இறந்தார். மறுபடி நந்தா, மறுபடி 13 நாள். இந்தத் தடவை மொரார்ஜி விட்டுக்கொடுக்கல, கட்சிக்குள்ள ஓட்டெடுப்பு. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. ஜனவரி 24-ல இந்திரா பதவியேத்தார். சரி, ரெண்டு தடவை ஒரே மாதிரி நடந்துருச்சு, மரபு உறுதியாயிருச்சுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. 1984 அக்டோபர் 31, இந்திரா சுடப்பட்டு இறந்த அன்னைக்கு அந்த மரபு காணாமப் போச்சு. மூத்த அமைச்சர்கள் இருந்தாங்க, யாரையும் இடைக்காலத்துக்குக் கூப்பிடல. வெளிநாட்டுல இருந்து அவசரமாத் திரும்பின ஜனாதிபதி ஜெயில் சிங், அன்னைக்குச் சாயங்காலமே ராஜீவ் காந்திக்குப் பிரமாணம் செய்து வெச்சுட்டார். சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லை. சட்டத்துல எதுவும் இல்லாததால ரெண்டு வழியுமே சரிதான்!

இப்போ அமெரிக்காவுக்குப் போவோம். அங்க வரிசை இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு தம்பி ஆச்சரியப்பட்டார். ஆரம்பத்துல அங்கயும் குழப்பம்தான். 1787-ல எழுதின சட்டத்துல, அதிபர் இறந்தாலோ விலகினாலோ செயல்பட முடியாமப் போனாலோ 'அது' துணை அதிபருக்குப் போகும்னு ஒரு வரி. 'அது'ன்னா எது? பதவியா, பதவியோட வேலை மட்டுமா? யாரும் தெளிவாச் சொல்லல. 1841-ல வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேத்து ஒரே மாசத்துல இறந்துபோனார். துணை அதிபர் ஜான் டைலர் நேரா வந்து, நான்தான் இனி அதிபர், தற்காலிகம் கிகிதற்காலிகம் எல்லாம் கிடையாதுன்னு பிரமாணம் எடுத்துக்கிட்டார். எதிரிங்க அவரை விபத்துல வந்தவர்னு கிண்டல் பண்ணினாங்க. அவர் அசையல. அதுக்கப்புறம் 126 வருஷம் அமெரிக்கா ஓடினது டைலர் போட்ட அந்த மரபுலதான். எழுதின விதி 1967 பிப்ரவரியிலதான் வந்தது, 25-ஆவது திருத்தமா.

அதுக்கு உடனடிக் காரணம் கென்னடி. 1963 நவம்பர் 22, டல்லாஸ்ல சுடப்பட்டார். ரெண்டு மணி நேரம் போல ஆகியிருக்கும், அங்கயே விமானத்துக்குள்ள நின்னு லிண்டன் ஜான்சன் பிரமாணம் எடுத்தார். எடுத்து வெச்சது சாரா ஹியூஸ்னு ஒரு பெண் நீதிபதி. கென்னடி இடத்துக்கு ஜான்சன் வந்துட்டார், ஜான்சன் இடத்துக்கு? யாரும் இல்லை. 14 மாசம் துணை அதிபரே இல்லாம நாடு ஓடுச்சு. ஜான்சனுக்கு முன்னமே ஒரு மாரடைப்பு வந்திருந்தது. அவருக்கு அடுத்த வரிசையில இருந்த சபாநாயகருக்கு வயசு எழுபதுக்கு மேல. அந்தப் பயத்துல எழுதினதுதான் அந்தத் திருத்தம்.

ஜெயங்கொண்டத்துத் தம்பி கேட்டதால இடையில ஒண்ணு சொல்றேன். உங்க ஊருக்குப் பக்கத்துலதான் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திரன் தன் காலத்துலயே மகன் ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சியில பங்கு கொடுத்துட்டார். துணை அதிபரை முன்னாடியே நியமிச்ச மாதிரி. பிறகு கொப்பத்துப் போர்ல ராஜாதிராஜன் யானை மேலயே இறந்ததும், தம்பி ரெண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்துலயே முடி சூடிக்கிட்டார்னு கல்வெட்டு சொல்லுது. டல்லாஸ் விமானத்துல நடந்ததும் அதே அவசரம்தான். படைக்கும் எதிரிக்கும் ஒரு நிமிஷம் கூட நாற்காலி காலியாத் தெரியக் கூடாது.

இந்தியாவுல இல்லாத அந்த விதி அமெரிக்காவுக்கு ஏன் கட்டாயமாத் தேவைப்பட்டது? இதைப் புரிஞ்சுக்கிட்டா பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை. அமெரிக்க அதிபர் நாலு வருஷத்துக்கு நிலையா உக்காந்தவர். படைக்குத் தலைமைத் தளபதி. மசோதாவைத் திருப்பி அனுப்பலாம், மன்னிப்புக் கொடுக்கலாம், அமைச்சர்களை, நீதிபதிகளை செனட் சம்மதத்தோட நியமிக்கலாம். நாடாளுமன்றத்துல பெரும்பான்மை போயிடுச்சுன்னு அவரை யாரும் இறக்க முடியாது. கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து இறக்கணும்னா செனட்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன், டிரம்ப் ரெண்டு தடவைன்னு நாலு முறை வழக்கு செனட்டுக்குப் போயிருக்கு, ஒரு முறை கூட யாரும் பதவி இழக்கல. நம்ம ஊர்ல? 1999 ஏப்ரல்ல அதிமுக ஆதரவை விலக்கினதும் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டுல விழுந்தது. இங்க நாற்காலியோட சொந்தக்காரர் மக்களவைப் பெரும்பான்மை. அது இன்னைக்கு ஒருத்தரை உக்கார வைக்கும், நாளைக்கு இன்னொருத்தரை. அதனால வரிசை எழுத வேண்டாம்னு நம்ம சட்டத்தை எழுதினவங்க நினைச்சதுல நியாயம் இருக்கு.

இங்க ஒரு வேடிக்கை. அமைச்சரவை ஆலோசனைப்படி நடக்க வேண்டிய நம்ம ஜனாதிபதி நாற்காலிக்கு விதி துல்லியமா எழுதியிருக்கு. இறந்தா துணை ஜனாதிபதி பாத்துக்குவார், ஆனா மிச்ச காலம் முழுக்க இல்லை, ஆறு மாசத்துக்குள்ள புதுத் தேர்தல் நடத்தியாகணும். 1969-ல அதுவும் சோதனைக்கு வந்தது. மே மாசம் ஜாகிர் உசேன் இறந்தார், துணை ஜனாதிபதி வி.வி. கிரி பொறுப்பு ஏத்தார். ஜூலையில அவரே தேர்தல்ல நிக்கிறதுக்காக ராஜினாமா பண்ணிட்டார். ரெண்டு நாற்காலியும் காலி! அவசரமா சட்டம் போட்டு வெச்சிருந்ததால உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இதாயத்துல்லா ஒரு மாசத்துக்கு மேல ஜனாதிபதி வேலை பாத்தார். அந்த நேரத்துல டெல்லிக்கு வந்த அமெரிக்க அதிபர் நிக்சனை வரவேற்றதும் அவர்தான். உண்மையான அதிகாரம் இருக்கிற பிரதமர் நாற்காலிக்கு இப்படி ஒரு வரி கூடக் கிடையாது.

இருந்தாலும், இறந்துபோனா பிரச்சினை அவ்வளவு பெருசில்லை. இறப்பு தெளிவான விஷயம், அன்னைக்கோ மறுநாளோ யாராவது வந்துடுவாங்க. தமிழ்நாட்டுல நமக்கு நந்தா மாதிரியே ஒருத்தர் இருந்தார், நாவலர் நெடுஞ்செழியன். 1969 பிப்ரவரியில அண்ணா மறைஞ்சப்போ இடைக்கால முதல்வர், ஒரு வாரத்துல கலைஞர் வந்துட்டார். 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைஞ்சப்போ மறுபடி இடைக்கால முதல்வர், ரெண்டு வாரத்துல ஜானகி அம்மா வந்துட்டாங்க. நந்தாவும் ரெண்டு தடவை, நாவலரும் ரெண்டு தடவை. ரெண்டு பேருக்கும் அந்த நாற்காலி நிலைக்கல.

பதவியில இருக்கிறவர் உயிரோட இருக்கார், ஆனா வேலை பாக்க முடியல, அப்போ என்ன? அமெரிக்காவுல 1881-ல கார்ஃபீல்டு சுடப்பட்டு ரெண்டரை மாசம் படுக்கையில கிடந்தார். 1919 அக்டோபர்ல உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம், பதவிக்காலம் முடியற வரைக்கும் முழுசாத் தேறல. அவர்கிட்ட எந்தக் காகிதம் போகணும், எது போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினது மனைவி எடித். அந்த அம்மாவுக்கு யாரும் ஓட்டுப் போடல.

25-ஆவது திருத்தத்தோட மூணாவது, நாலாவது பகுதி இதுக்காகத்தான். மூணாவது பகுதி சுலபம்: அதிபரே எழுதிக் கொடுத்துட்டு, சரியானதும் எழுதி வாங்கிக்கலாம். 2021 நவம்பர் 19, பைடன் மயக்க மருந்து கொடுத்துச் செய்யுற ஒரு பரிசோதனைக்குப் போனப்போ கமலா ஹாரிஸ்கிட்ட 85 நிமிஷம் அதிகாரம் இருந்தது. அவங்க தாத்தா ஊர் கொள்ளிடத்தைத் தாண்டி மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம்ங்கிறது உங்களுக்கே தெரியும். அமெரிக்க அதிபரோட அதிகாரத்தை முதல்ல கையில வெச்சிருந்த பெண் அவங்கதான்.

நாலாவது பகுதிதான் கஷ்டமானது. அதிபரால முடியல, ஆனா அவரால எழுதிக் கொடுக்கவும் முடியல, இல்லைன்னா எழுதிக் கொடுக்க மாட்டேங்கிறார். அப்போ துணை அதிபரும் அமைச்சர்கள்ல பாதிக்கு மேலயும் சேர்ந்து எழுதிக் கொடுத்தா, அந்த நிமிஷம் அதிகாரம் துணை அதிபருக்குப் போகும். அதிபர், எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதினா, அவங்க நாலு நாளைக்குள்ள மறுத்து எழுதலாம். அப்புறம் ரெண்டு சபையும் 21 நாளைக்குள்ள மூணுல ரெண்டு பங்கு ஓட்டோட முடிவு பண்ணணும், இல்லைன்னா அதிகாரம் அதிபருக்கே திரும்பிடும். இதை இதுவரைக்கும் யாரும் பயன்படுத்தல. 1981 மார்ச்ல ரீகன் சுடப்பட்டு ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்போ கூடக் காகிதத்தைத் தயார் பண்ணினாங்க, கையெழுத்துப் போடல. வெளியுறவு அமைச்சர் ஹெய்க் டிவியில வந்து, இங்க என் கட்டுப்பாட்டுல இருக்குங்கிற மாதிரிப் பேசி மாட்டிக்கிட்டார். சட்டப்படி துணை அதிபர், சபாநாயகர், செனட்டோட இடைக்காலத் தலைவர்னு அவருக்கு முன்னால மூணு பேர் இருந்தாங்க. எழுதி வெச்ச விதி இருந்தும், தலைவரோட படுக்கை பக்கத்துல நிக்கிறப்போ யாருக்கும் பேனாவை எடுக்கத் துணிச்சல் வரல. எனக்கு அவங்களைக் குறை சொல்லத் தோணல.

நம்ம ஊர்ல இந்த நாலாவது பகுதிக்குச் சமமா எதுவுமே இல்லை. ரெண்டு தடவை அந்தக் குறையை நேர்ல பாத்திருக்கோம். 1984 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். அப்போலோவுல சேர்ந்தார், பிறகு நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. இலாகாக்களை நெடுஞ்செழியன் கவனிச்சார். டிசம்பர் 24 தேர்தல்ல, கடல் தாண்டிப் படுக்கையில இருந்துக்கிட்டே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சார். பிப்ரவரியில திரும்பிவந்து பதவியேத்தார். ஒரு முதலமைச்சரால முடியுமா முடியாதான்னு முடிவு பண்ண நம்மகிட்ட விதி இல்லை. அவர் சிகிச்சை எடுத்துக்கிட்ட நாட்டுல அந்த விதி எழுதி 17 வருஷம் ஆயிருந்தது.

2016 எல்லாருக்கும் நினைவிருக்கும். செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதா ஆஸ்பத்திரியில. மகாராஷ்டிர ஆளுநரா இருந்து தமிழ்நாட்டையும் சேர்த்துக் கவனிச்ச வித்யாசாகர் ராவ், அக்டோபர் 11-ஆம் தேதி முதல்வரோட இலாகாக்களை ஓ.பன்னீர்செல்வத்துக்குக் கொடுத்தார். ஜெயலலிதாவே முதல்வரா நீடிப்பாங்க, அமைச்சரவைக் கூட்டத்துக்கு ஓ.பி.எஸ். தலைமை தாங்குவார்னு அறிவிப்பு. முதல்வரோட ஆலோசனைப்படிதான்னு அதுல இருந்தது. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க எப்படி ஆலோசனை சொன்னாங்கன்னு எதிர்க்கட்சிகள் கேட்டாங்க. அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் தேர்தலுக்கு வேட்பாளர் படிவத்துல கைரேகை வெச்சது பெரிய பேச்சாச்சு. டிசம்பர் 5 ராத்திரி அவங்க இறந்ததும், விடியறதுக்குள்ள ஓ.பி.எஸ். பதவியேத்துட்டார். பாருங்க, இறந்ததுக்கு அப்புறம் சில மணி நேரத்துல முடிஞ்சது. உயிரோட இருந்த 75 நாள்தான் யாருக்கும் விடை தெரியாம ஓடுச்சு. பிறகு விசாரணை ஆணையம் போட்டு, 2022-ல அறிக்கை வந்து, விவாதம் ஓயல.

என் கருத்து இதுதான். பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ வாரிசு வரிசை எழுதத் தேவையில்லை, பெரும்பான்மை முடிவு பண்ணட்டும். ஆனா 'இவரால இப்போ முடியல'ன்னு யார், எந்தக் காகிதத்துல, யாருக்கு எழுதணும்கிறதை எழுதியே ஆகணும். மருத்துவ அறிக்கை எந்த அளவுக்கு வெளியிடணும்கிறதையும்தான். இது கட்சிப் பிரச்சினை இல்லை. ரெண்டு தடவையும் அதிமுகவா இருந்தது தற்செயல், நாளைக்கு யாருக்கு வேணா வரலாம்.

சரி, தொடங்கின இடத்துக்கு வருவோம், நம்ம ஊராட்சி பிரசிடெண்ட். யோசிச்சுப் பாத்தா இந்தியாவுல அமெரிக்க அதிபருக்கு ரொம்ப நெருக்கமான பதவி அதுதான். பிரதமரை நாம நேரடியாத் தேர்ந்தெடுக்கல, முதலமைச்சரையும் இல்லை. ஊராட்சித் தலைவருக்குத் தனி ஓட்டுச் சீட்டு, ஊர் முழுக்க ஓட்டு, அஞ்சு வருஷம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறாங்க. தலைவர் இடம் காலியானா இடைத்தேர்தல் வர்ற வரைக்கும் துணைத் தலைவர் பாத்துக்குவார். செக்ல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். தலைவரும் துணையும் பேசிக்காத ஊர்ல தெருவிளக்கு பல்பு கூட மாறாதுங்கிறது அங்க குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும். தலைவர் மேல புகார் வந்தா கலெக்டர் நோட்டீஸ் கொடுக்கிறார், விளக்கம் கேட்கிறார், பிறகு நடவடிக்கை. ஜனங்க ஓட்டுப் போட்ட ஆளை அதிகாரி இறக்கலாம், இந்த விஷயத்துல மட்டும் அமெரிக்காவோட ஒப்பிட முடியாது.

இந்தத் தலைவர்களோட பதவிக்காலம் அஞ்சு வருஷம்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு, 243-ஈ. காலம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தல் நடந்து முடிஞ்சிருக்கணும்னும் அதுலயே இருக்கு. தம்பி, இதை நல்லாக் குறிச்சு வெச்சுக்கங்க. பிரதமருக்கு எழுதல, ஆனா நம்ம பிரசிடெண்டுக்கு எழுதியிருக்கு. நடந்தது என்ன? 2016 அக்டோபர்ல காலம் முடிஞ்சது, தேர்தல் 2019 டிசம்பர்லதான். மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. 2020 ஜனவரியில பதவியேத்தவங்க காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சது, மறுபடியும் தேர்தல் இல்லாமலே தனி அலுவலர் கைக்குப் போச்சு. பெரம்பலூர் மாவட்டத்துல 121 கிராம ஊராட்சி, நாலு ஒன்றியம். அரியலூர்ல 201 ஊராட்சி, ஆறு ஒன்றியம். கணக்குப் போட்டா ஒரு ஒன்றியத்துக்கு முப்பது, முப்பத்துமூணு ஊராட்சி. தனி அலுவலர்னா அந்த ஒன்றியத்து பிடிஓ. அத்தனை ஊருக்கும் அவர் ஒருத்தரே பிரசிடெண்ட்!

அவர் கெட்டவர்னு நான் சொல்லல. பல பேர் ராத்திரி பகலா வேலை பாக்குறாங்க. ஆனா குடிதண்ணி மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னா, விடியக்காலை அஞ்சு மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுறதுங்கிற கேள்வி இருக்கு. பிரசிடெண்ட் ஊருக்குள்ள இருப்பார், அடுத்த தேர்தல்ல ஓட்டுக் கேக்க வரணும்கிற பயம் இருக்கும். பிடிஓவுக்கு அந்தப் பயம் இல்லை, அவருக்கு மாறுதல் உத்தரவு வரும், போயிடுவார்.

அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருந்தப்போ, 1864-ல கூடத் தேர்தலைத் தள்ளிவைக்கல. லிங்கன் தோத்தாலும் தோத்துடுவோம்னு நினைச்சுக்கிட்டேதான் நின்னார். இங்க வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்குன்னு காரணம் வந்துக்கிட்டே இருக்கு. சில காரணம் நியாயமானதுதான். மூணு வருஷத்துக்கு நியாயமான காரணம் என்னால யோசிக்க முடியல.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாத காலத்துலயும் அது நடந்தாகணும், கேள்வி கேக்குற உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கு. அடுத்த சபைக்குப் போனா, தேர்தல் எப்போன்னு கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. வாயால கேட்டாப் போதாது, எழுதணும்.